10,080 காரணிகள் கொண்ட எண்

67,46,32,83,88,800 என்பது பதின்மூன்று இலக்க எண். சொல்லில் எழுதினால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலின் கடைசி எண் இது. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது.

எண்ணின் பருமனை உணர, சென்னைக்கு வடக்கே உள்ள வள்ளூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் அருகே இருக்கும் இந்த நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. மொத்தத் திறன் 1,500 மெகாவாட், அதாவது நொடிக்கு 150 கோடி ஜூல். மூன்று அலகுகளும் முழுத் திறனில் ஓடினால், ராமானுஜனின் இந்த எண்ணளவு ஜூல் மின்னாற்றல் உண்டாக 75 நிமிடம் பிடிக்கும். துல்லியமாகச் சொன்னால் அதற்கு ஏறத்தாழ இரண்டரை நொடி குறைவு. நொடிக்கு ஒன்றாக ஒருவர் எண்ணத் தொடங்கினால் முடிக்க 2 லட்சத்து 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இவ்வளவு பெரிய எண்ணுக்குப் பத்தாயிரம் காரணிகள் இருப்பதில் வியப்பென்ன என்று தோன்றலாம். எண் பெரிதாவதால் மட்டும் காரணிகள் பெருகிவிடுவதில்லை. இந்த அளவில் உள்ள எண்களை வரிசையாக எடுத்துச் சராசரி பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 காரணிகளே தேறும். அவற்றிடையே பகா எண்களும் உண்டு. அவற்றுக்கு 1-ஐயும் தம்மையும் தவிர வேறு காரணி இல்லை. ராமானுஜனின் எண் இந்தச் சராசரியைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல் நிற்கிறது.

அதன் இரகசியம் பகாக் காரணிகளாகப் பிரிக்கும்போது வெளிப்படுகிறது:

67,46,32,83,88,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

காரணிகளின் எண்ணிக்கையைக் கண்டறிய ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 12 என்னும் சிறிய எண்ணில் வழி விளங்கும். 12 = 2² × 3. இதன் காரணி ஒன்றை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்: மூன்று வழிகள். 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழிகள். மூவிரண்டு ஆறு; 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகளும் வந்துவிடுகின்றன. ஆக, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் போதும். ராமானுஜனின் எண்ணில் அடுக்குகள் 6, 4, 2, 2, பிறகு ஐந்து 1-கள். எனவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

இந்தப் பிரிப்பிலிருந்து பல பண்புகளை உடனே படித்துவிடலாம். 5-இன் அடுக்கு இரண்டு, 2-இன் அடுக்கு அதைவிட அதிகம் என்பதால் எண்ணின் முடிவில் இரண்டே சுழியங்கள் இருக்கின்றன. 10,080 காரணிகளில் ஒற்றைப்படை எண்கள் 1,440 மட்டும். மீதி 8,640-உம் இரட்டைப்படை. 1 முதல் 28 வரை எல்லா எண்களும் இதை மீதியின்றி வகுக்கும். 29-இல்தான் முதன்முதலாக மீதி வருகிறது. 1 முதல் 28 வரையிலான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 80,31,34,33,200. ராமானுஜனின் எண் அதன் 84 மடங்கு. இதற்கு முன்னும் பின்னும் நிற்கும் எண்களோ நேர் எதிர்க் குணம் கொண்டவை: 23 வரையிலான எந்தப் பகா எண்ணாலும் அவை வகுபடா. இது வர்க்க எண் அன்று என்பதால் காரணிகள் எல்லாம் இணை இணையாக நிற்கின்றன. இத்தனை கற்களைச் செவ்வக வரிசைகளாக அடுக்க 5,040 வழிகள் உண்டு. இந்த 5,040 பின்னும் பலமுறை எதிர்ப்படும்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் வெல்லும் எண்ணை உயர் பகு எண் என்கிறார்கள். பகா எண்ணுக்கு எதிர்முனை இது என்று சொல்லலாம். வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1,260, 1,680, 2,520, 5,040 என்று போகிறது. 24-க்கு 8 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் எட்டு இல்லை. 30-க்கும் எட்டுதான், ஆனால் 24 முந்திக்கொண்டது. அதனால் 30-க்கு வரிசையில் இடமில்லை.

இந்த எண்களின் கட்டமைப்பில் சிக்கனம் ஒன்று வேலை செய்கிறது. எண்ணைக் குறைந்தபட்சம் பெரிதாக்கி, அதிகபட்சம் காரணிகளைப் பெற வேண்டும். இந்த ஒரே நிபந்தனையிலிருந்து அடுக்குகளின் ஒழுங்கு முழுவதும் பிறக்கிறது. முதலாவதாக, பகா எண்கள் இடையில் விடுபடாமல் வர வேண்டும். 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐ வைத்தால் காரணி எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் வீணாகப் பெரிதாகும். இரண்டாவதாக, அடுக்குகள் ஏறக்கூடாது. 2⁶ × 3⁴ என்பதை 2⁴ × 3⁶ என்று மாற்றினாலும் காரணிகள் அதே அளவு, எண் மட்டும் இரண்டேகால் மடங்காகிவிடும். எனவே சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு, பெரியதற்குச் சிறிய அடுக்கு. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-ஆகவே இருக்கும் என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார்.

இந்த மூன்று விதிகளும் தேவையானவை. ஆனால் அவை மட்டும் போதா. உண்மையான கடினம் அடுக்குகளுக்கிடையே நடக்கும் பேரத்தில் இருக்கிறது. கடைசி எண்ணில் 29-ஐயும் சேர்க்க விரும்பினால், பருமன் கூடாமலிருக்க எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். 28-ஐ, அதாவது இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும், கழற்றிவிட்டு 29-ஐப் பொருத்திப் பார்க்கலாம். எண் சற்றே பெரிதாகிறது. காரணிகளோ 9,600-ஆகக் குறைகின்றன. ஒரு 5-ஐக் கழற்றி இரண்டு 2-களைச் சேர்த்தால் எண் ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்குகிறது, காரணிகள் 8,640-ஆக இறங்குகின்றன. இப்படி எந்தப் பக்கம் திருப்பினாலும் 10,080-ஐ இதைவிடச் சிறிய எண்ணில் அடைய முடியாது. அதற்கு முந்தைய உயர் பகு எண் 44,97,55,22,59,200; அதற்கு 9,216 காரணிகள். அடுத்தது 89,95,10,45,18,400; அதற்கு 10,368.

உயர் பகு எண்களுக்கு முடிவில்லை. எந்த எண்ணை இரண்டால் பெருக்கினாலும் காரணிகள் கூடும். ஆகவே ஓர் உயர் பகு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவிலோ, அந்த இருமடங்காகவோ அடுத்தது வந்தே தீரும். அடுத்தடுத்த இரண்டின் விகிதம், எண்கள் வளர வளர 1-ஐ நெருங்கும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். இவற்றுள்ளும் தேர்ந்தெடுத்த ஒரு குழுவுக்குத் தனி இலக்கணம் வகுத்தார். காரணி எண்ணிக்கையை எண்ணின் ஒரு குறிப்பிட்ட அடுக்கால் வகுத்தால் வரும் ஈவு, மற்ற எந்த எண்ணிலும் கிடைக்காத உச்சத்தை எட்ட வேண்டும். 2, 6, 12, 60, 120, 360, 2,520, 5,040 ஆகியவை அந்தக் குழுவைச் சேர்ந்தவை. பட்டியலின் கடைசி எண் அதில் இல்லை; ஆனால் அதை 3-ஆல் வகுத்தால் கிடைக்கும் 22,48,77,61,29,600 இருக்கிறது. இந்தக் குழுவின் எண்களை வாய்பாடு கொண்டே அடுக்கடுக்காக உருவாக்கிவிடலாம். மற்ற உயர் பகு எண்களை இவற்றின் அக்கம்பக்கத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். அவருடைய ஆய்வின் மிக ஆழமான கருத்து இதுவே.

சிறிய உயர் பகு எண்கள் மனிதப் புழக்கத்தில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. தமிழர் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், கலத்துக்கு 12 மரக்கால். வட்டத்துக்கு 360 பாகை. பிளேட்டோ தம் சட்டங்கள் நூலில் ஒரு நகரத்துக்கு 5,040 நிலக்குடும்பங்கள் வேண்டும் என்றதற்குக் காரணம், நிலத்தையும் வரியையும் படையையும் எப்படிப் பங்கிட்டாலும் பெரும்பாலும் மீதி வராது என்பதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் நாளை எட்டு மணிநேர ஷிஃப்டு மூன்றாகவோ பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டு இரண்டாகவோ பிரிக்க முடிவது 24-இன் காரணிகளால். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுகளில் போல்ட்டுத் துளைகள் 4, 8, 12, 16, 20, 24 என்று நான்கின் மடங்காக வருவதால் அவற்றை வட்டத்தின் நான்கு கால்களிலும் சமமாகப் பங்கிட முடிகிறது. வள்ளூரின் மின்னாக்கிகள் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கின்றன. அவற்றின் மூன்று பேஸ்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி 120 பாகை, 360-இல் மூன்றில் ஒன்று.

எல்லா இடத்திலும் காரணிகள் விரும்பத்தக்கவை அல்ல. பற்சக்கரங்களில் கதை தலைகீழ். 24 பற்கள் கொண்ட சக்கரம் 48 பற்கள் கொண்டதோடு இணைந்தால் சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அதே இரண்டு பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும்; ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த இடங்கள் மட்டும் விரைவில் தேயும். சிறிய சக்கரத்தில் 23 பற்கள் வைத்தால் அது மற்றதன் 48 பற்களையும் மாறி மாறிச் சந்தித்துத் தேய்மானத்தைப் பரப்பிவிடும். அங்கே வேண்டியது பொதுக் காரணி இல்லாமை.

தமிழின் பழைய கீழ்வாய் இலக்கங்களை இந்த எண்களோடு ஒப்பிடுவது பயன் தரும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. முந்திரியை மீண்டும் 320-ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒரு பங்கு. அதன் கீழே இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம் என்று இறங்கி நாகவிந்தம் வருகிறது. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு. பரவலாக வழங்கும் வாய்பாட்டில் இம்மி 21,50,400-இல் ஒன்று, நாகவிந்தம் 53,20,11,11,04,000-இல் ஒன்று. இந்தக் கடைசி எண் ராமானுஜனின் எண்ணோடு ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டது. அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2¹³ × 3⁴ × 5³ × 7³ × 11 × 17. காரணிகள் 14 × 5 × 4 × 4 × 2 × 2 = 4,480.

சராசரி எண்ணுக்கு 30 காரணிகளே உள்ள உலகில் 4,480 என்பது பெருஞ்செல்வம். ஆனாலும் அதைவிடச் சிறிய 44,97,55,22,59,200 ஏற்கெனவே 9,216-ஐத் தொட்டுவிட்டது. வேறுபாட்டின் காரணம் அடுக்குகளிலேயே தெரிகிறது. நாகவிந்தத்தில் 2-கள் பதின்மூன்று குவிந்திருக்கின்றன. 13-க்கு இடமே இல்லை, 17 மட்டும் வந்துவிட்டது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வெட்டும் அளவை முறையில் 2-கள் குவிவது இயல்பு. நெல்லும் பொன்னும் நிலமும் அளக்க அது சரியான முறை. காரணி எண்ணிக்கையை உச்சத்துக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம் அன்று. அந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுமையாக ஆராய்ந்தவர் ராமானுஜன்.

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணிதர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் வழி திறந்தது. 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை அறுபது பக்கங்களுக்கு மேல் அச்சில் வந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் வழி பி.ஏ. பட்டம் வழங்கியது இந்தப் பணிக்காகவே. கல்லூரித் தேர்வுகளில் தவறிய ஒருவருக்கு எண்களின் காரணிகள் பட்டம் பெற்றுத் தந்தன.

அந்தக் கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள் இருக்கின்றன. கணினியோ மின் கணிப்பானோ இல்லாத காலத்தில் ஒவ்வொன்றின் அடுக்குகளையும் காரணி எண்ணிக்கையையும் கையால் கணக்கிட்டு எழுதியது அது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுள்ளது. 1,95,54,57,50,400 என்னும் எண்ணுக்கு 4,608 காரணிகள். பட்டியலில் அதற்கு அடுத்து நிற்கும் 3,21,25,37,32,800-க்கு 5,376. இரண்டுக்கும் இடையில் 2,93,31,86,25,600 இருக்கிறது. அதன் பகாக் காரணிகள் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணி எண்ணிக்கை 5,040. முந்தையதை வெல்கிறது, எனவே இடம் பெற வேண்டிய எண்.

விடுபட்ட எண்ணின் அடுக்குகளையும் பட்டியலின் கடைசி எண்ணின் அடுக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு செய்தி கண்ணில் படும். இரண்டும் 19 வரை எழுத்துக்கு எழுத்து ஒன்று. கடைசி எண்ணில் 23 மட்டும் கூடுதல். 67,46,32,83,88,800-ஐ 23-ஆல் வகுத்தால் ராமானுஜன் தவறவிட்ட எண்ணே கிடைக்கும்.

போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பணநெருக்கடியில் இருந்ததால் கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. எஞ்சிய பகுதியின் கையெழுத்துப்படி பல பத்தாண்டுகள் கிடந்தது. ழான்-லூயி நிக்கோலா, கீ ராபின் ஆகிய பிரெஞ்சுக் கணிதர்களின் குறிப்புகளோடு 1997-இல் ராமானுஜன் ஆய்விதழின் முதல் தொகுதியில் அது வெளிவந்தது. எண்ணிக்கைக்குப் பதிலாகக் காரணிகளின் கூட்டுத்தொகையை உச்சத்துக்குக் கொண்டுபோகும் எண்களை அந்தப் பகுதியில் அவர் ஆராய்ந்திருந்தார். இதற்கிடையே வேறு சிலர் அதே பாதையில் தாமாக வந்து சேர்ந்திருந்தனர். செங்கோட்டை அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, தனக்குக் கீழுள்ள எண்கள் எல்லாவற்றையும்விடக் காரணிக் கூட்டுத்தொகை மிகுந்த எண்களை 1943-இல் அறிமுகப்படுத்தினார். கூட்டுத்தொகையை அந்த எண்ணாலேயே வகுத்து வரும் ஈவு மிகுந்த எண்களைப் பற்றி 1944-இல் அலாவுக்ளு, எர்டோஸ் என்னும் கணிதர்கள் எழுதினர். பிள்ளை 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். தமிழ்நாட்டில் ராமானுஜனுக்கு அடுத்து நிறுத்த வேண்டிய எண்கோட்பாட்டாளர் அவர். பள்ளிப் பாடநூல்களில் அவருக்கும் இடம் வேண்டும்.

காரணிகளின் கூட்டுத்தொகையை 67,46,32,83,88,800-இல் சோதித்துப் பார்க்கலாம். அதன் 10,080 காரணிகளையும் கூட்டினால் அந்த எண்ணைப்போல் ஏறத்தாழ 5.84 மடங்கு வருகிறது. இது எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு ஓர் எல்லை கருதப்படுகிறது. எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்து 1.781-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். நம் எண்ணுக்கு அது 6.03. 5.84 அதற்கு உள்ளேயே நிற்கிறது, ஆனால் மிக நெருங்கி நிற்கிறது. சாதாரண எண்கள் இந்த எல்லையின் பக்கத்திலேயே வருவதில்லை.

ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் எவையும் இந்த எல்லையை மீறா என்று ராமானுஜன் அந்த அச்சேறாத பகுதியில் காட்டியிருந்தார். 1859-இல் ரீமன் முன்வைத்த அந்தக் கருதுகோள் பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியுள்ளன என்பதைப் பற்றியது, இன்னும் நிறுவப்படவில்லை. 1984-இல் கீ ராபின் இதை முழு வடிவுக்குக் கொண்டுவந்தார். 5,040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் எல்லைக்குள் அடங்கினால் ரீமன் கருதுகோள் உண்மை. ஒன்று மீறினாலும் அது பொய். 1-ஐயும் தம்மையும் தவிர வேறு காரணிகளே இல்லாத எண்களைப் பற்றிய கேள்விக்கான விடை, காரணிகள் மலிந்த எண்களின் நடத்தையில் அடங்கியிருக்கிறது.

5,040-இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. இது அதைப்போல் 3.838 மடங்கு. எல்லையோ 3.817. மீறுவதாக அறியப்பட்ட எண்களில் இதுவே மிகப் பெரியது. அதற்கு மேல் எல்லையைத் தாண்டும் எண் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.